வணிக ஆங்கிலமும் தமிழ் மரபும்

ஒரு மொழியின் சொற்களைக் கற்றல் வேறு. அம்மொழியின் மரபைக் கற்றல் வேறு. சொற்பொருளை அகராதி தந்துவிடும். மரபையோ அம்மொழியை வழங்குவோரிடத்தும் அவர்தம் வாழ்க்கையிடத்தும் சென்றே பெறல் வேண்டும். அறிவுடையோர் வழங்கிவந்த நெறி பிறழாது ஒரு பொருளைச் சொல்லுதலே மரபென நன்னூலார் கொண்டார். அவர் தமிழுக்குக் கூறியது எம்மொழிக்கும் பொருந்துவதே.

இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் பலர் வங்கிகளிலும் கொம்பனிகளிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணி செய்தோர், செய்கின்றோர். கடல் கடந்து வாழ்வோரும் பலர். இன்று வகுப்பிலிருக்கும் மாணவரும் நாளை அவ்வழியே செல்லுவர். பரீட்சைக்கெனக் கற்ற ஆங்கிலம் ஒன்று. வணிகர் தம்முட் பேசியும் எழுதியும் வழங்கும் ஆங்கிலம் மற்றொன்று. பின்னையதிலே சொற்கள் யாவும் தெரிந்தவையாயிருக்கும். சேர்த்துப் பார்த்தால் பொருள் விளங்காது. விளங்காமை பெருந்தீங்கன்று, கேட்டுத் தெளியலாம். தவறாக விளங்கிக்கொள்ளலே தீங்கு. செய்யுளொன்றைப் பிழைபட உணர்ந்தால் பரீட்சையிற் சில புள்ளிகள் போகும். வணிகக் கடிதமொன்றைப் பிழைபட உணர்ந்தால் கைப்பொருள் போகும்; சில வேளை தொழிலும் போகும். ஆதலின் தமிழாசிரியனொருவன் ஆங்கில மரபுத் தொடர்களைப் பற்றி எழுதப் புகுதல் முறையன்று என யாரும் கருதவேண்டுவதில்லை. அவற்றை விளங்கிக்கொள்ளுதற்கு வேண்டிய கருவி நம் இலக்கணத்திலேயே உண்டென்பதைக் காட்டலே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக வகுத்த பவணந்தி முனிவர், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்கினார். ஒரு கூட்டத்தார் தமக்குள்ளே ஒரு பொருளின் சொல்லை விட்டு வேறொரு சொல்லால் வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதையும் யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதையும் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். மங்கலமில்லாததை ஒழித்து மங்கலமானதாற் கூறுவது மங்கலம். செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பதும் சுடுகாட்டை ‘நன்காடு’ என்பதும் அது. ஆங்கில வணிகரின் தொடர்களை உற்று நோக்கின் அவற்றுட் பெரும்பாலன குழூஉக்குறியாகவோ மங்கல வழக்காகவோ முடிவதைக் காணலாம். குழூஉக்குறியாயின் அக்கூட்டத்தார் யாவர், அவர் தொழில் யாது என்று வினவுக. மங்கலமாயின் அது மூடிவைக்கும் அமங்கலம் யாது என்று வினவுக. இவ்விரு வினாக்களுமே திறவுகோல்கள்.

முதலாவது, கணக்கர் கூட்டம். ஒரு கொம்பனி ‘இன் த றெட்’ என்றால் அது நட்டத்தில் அல்லது கடனில் இருக்கின்றது என்பது பொருள். ‘இன் த பிளாக்’ என்றால் கடனின்றி இலாபத்தில் நிற்கின்றது என்பது பொருள். பற்று மிகுந்த மீதியைச் செம்மையாலும் ஏனையவற்றைக் கருமையாலும் எழுதிய பேரேட்டு வழக்கத்திற் பிறந்தவை இவை. நம்மவர்க்கு இங்கே இரட்டை இடர் உண்டு. சிவப்பு நமக்கு மங்கல நிறம். குங்குமமும் கூறைச்சேலையும் சிவப்பு. கறுப்போ பணத்தோடு சேர்ந்தால் கள்ளத்தனத்தைக் குறிக்கும். கறுப்புச் சந்தை, கறுப்புப் பணம் என்று கேட்டுப் பழகிய மாணவனொருவன் ‘அக்கொம்பனி கறுப்பில் இருக்கின்றது’ என்று வாசித்தால், நேர்மையான வணிகரைக் கள்ளச் சந்தைக்காரராக எண்ணிவிடுவான். ஆங்கிலத்திலும் ‘பிளாக் மார்க்கெற்’ கள்ளச் சந்தையே. ஒரே நிறம் ஒரு தொடரிற் பழியாகவும் மற்றொன்றிற் புகழாகவும் நிற்கின்றது. நிறத்தை நோக்கிப் பயனில்லை, ஏட்டை நோக்கவேண்டும். ‘பொட்டம் லைன்’ என்பதும் அவ்வேட்டினதே. இலாபநட்டக் கணக்கின் அடிவரியில், எல்லாச் செலவும் கழித்தபின் எஞ்சும் தொகை நிற்கும். அதிலிருந்து ‘முடிவாகச் சொல்வதாயின்’ என்னும் பொருள் பிறந்தது.

அடுத்து, நம்மவர் மிக எளிதில் வழுக்கி விழும் தொடர் ‘வைற் எலிபன்ற்’. வெள்ளை யானையென்றால் சைவ வீட்டுப் பிள்ளைக்கு நினைவில் வருவது இந்திரனுடைய ஐராவதம். தம் புதிய கட்டடத்தை ஆங்கிலேயர் ஒருவர் வெள்ளை யானை என்றால் அதனைப் பாராட்டென்றே அப்பிள்ளை கொள்ளும். ஆனால் அத்தொடர் பழிப்பு. சீயம் நாட்டரசர் தமக்கு வேண்டாத பிரபுவுக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பராம். புனிதமானதாகையால் அதனை வேலையில் ஏவவும் முடியாது, விற்கவும் முடியாது. தீனி போட்டே பிரபு ஆண்டியாவார் என்பது கதை. கதை மெய்யோ பொய்யோ, தொடரின் பொருள் அதனின்றே வந்தது: வருவாய் தராது, பராமரிப்புச் செலவால் உடையவனை விழுங்கும் பொருள். இன்று செய்தித்தாள்கள் ‘வெள்ளை யானை’ எனத் தமிழிலும் எழுதுகின்றன. ஐராவதத்தை அறிந்த வாசகன் கதையை அறியாவிடின் இகழ்ச்சியைப் புகழ்ச்சியாக வாசிப்பான்.

மூன்றாவது, மாலுமிகள் கூட்டம். ஆங்கிலர் தீவினர், கடலோடி வாழ்ந்தவர், அவர்தம் கந்தோர் மொழியிலும் உப்புக்காற்று வீசும். புதிதாக வேலைக்கு வந்தவன் ‘லேர்ன் த றோப்ஸ்’ செய்யவேண்டும் என்பர். கயிறுகளைக் கற்றல் என்பது சொற்பொருள். தொழிலின் நுணுக்கங்களைப் பழகுதல் என்பது கருத்து. பாய்க்கப்பலிலே எக்கயிறு எப்பாயை ஏற்றும், எது இறக்கும் என்று அறியாதவன் மாலுமியாகான். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்த ‘அன்னபூரணி’யைச் செலுத்திய நம்மவர்க்கு இத்தொடரை விளக்க ஆசிரியர் வேண்டியிரார். ஆனால் தமிழிலே ‘கயிறு திரித்தல்’ என்றால் பொய் புனைதல். விந்தையாக ஆங்கிலத்திலும் ‘ஸ்பின் எ யான்’, நூல் நூற்றல், கட்டுக்கதை சொல்லுதலையே குறிக்கும். திரிக்கும் கயிற்றில் இரு மொழியும் ஒன்றுபடுகின்றன. கற்கும் கயிற்றில் வேறுபடுகின்றன.

பட்டம் விடுதலும் அவ்வாறே. தைப்பொங்கற் காலத்தில் நம் வானத்தை அழகு செய்யும் பட்டம் வங்கிக்குட் புகுந்தால் குற்றமாகிவிடும். ‘கைற் பிளையிங்’ என்பது, கணக்கிற் பணமில்லாது ஒரு வங்கியின் காசோலையை எழுதி, அதனை மற்றொரு வங்கியிலிட்டு, அது தீர்க்கப்படுமுன் உள்ள நாள்களில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டிப் பயன்படுத்தும் சூழ்ச்சி. நூலின்றேல் பட்டம் பறவாது. இங்கோ பணமின்றியே தாள் பறக்கின்றது. இலங்கையில் 2006ஆம் ஆண்டு காசோலையின் படிமத்தைக் கொண்டே தீர்க்கும் முறை வந்தபின் அவ்விடைவெளி சுருங்கிவிட்டது. எனினும் தொடர் வழங்குகின்றது. அதன் பெயராற் சுட்டப்படும் குற்றமும் நீங்கிற்றில்லை.

நான்காவது, விளையாட்டுக் கூட்டம். ‘ஸ்ரிக்கி விக்கெற்’ என்றால் இக்கட்டான நிலை. மழையில் நனைந்து வெயிலிற் காயும் ஆடுகளத்திற் பந்து எழும்பும் வகை துடுப்பாட்டக்காரனுக்குப் புலப்படாது. களத்தை மூடிவைக்கும் வழக்கம் வந்தபின் அத்தகைய களம் அருகிவிட்டது, தொடரோ நிலைத்துவிட்டது. கிரிக்கெற் நம் பிள்ளைகளுக்குக் கைவந்த ஆட்டமாகையால் இஃது எளிது. ‘போல்பார்க் பிகர்’, ‘ரச் பேஸ்’ என்பனவோ அமெரிக்கருடைய பேஸ்போல் ஆட்டத்திலிருந்து வந்தவை. முன்னையது மைதானத்துள்ளே விழுந்தாற் போதுமென்னும் மதிப்பீடு. நாம் குத்துமதிப்பு என்போமே, அதுவே. பின்னையது, நீண்ட செய்தி பேசவன்று, தொடர்பு அறாதிருக்கச் சிறிது பேசிக்கொள்ளல்.

பிரித்தானியரிடம் ஆங்கிலங் கற்ற நாம் இன்று அமெரிக்கருடனும் வணிகஞ் செய்கின்றோம். ஒரு தொடர் அவ்விரு நாட்டாரிடையே முரண்படுதலும் உண்டு. ‘ரேபிள்’ என்னும் வினை பிரித்தானியர்க்கு ஒரு விடயத்தை விவாதத்துக்கென மேசைமீது வைத்தல். நம் பாராளுமன்றத்திற் சபாபீடத்திற் சமர்ப்பித்தல் என்பர். அமெரிக்கர்க்கோ அதனை ஒத்திவைத்தல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியப் படைத்தலைமையினர் ஓர் அவசரப் பத்திரத்தை ‘ரேபிள்’ செய்ய விரும்பினராம். லாச்சியிற் போட்டு மறந்துவிடுவதாக அதனைப் பொருள்கொண்ட அமெரிக்கர் மறுத்தனராம். இரு சாராரும் ஒன்றையே விரும்பி நெடுநேரம் வாதாடியதைச் சேர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதினார். தாய்மொழியாகப் பேசுவோர்க்கே இவ்விடர் எனில் நாம் ஐயுற்று வினவுவதில் நாணமென்ன?

இனி, கருத்து ஒன்றாகி உடை வேறான தொடர்கள் சில உள. அவற்றைக் கற்றல் இன்பம் பயக்கும். முன்னாளில் நிலக்கரி விளைந்த ‘நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோதல்’ என்பர் ஆங்கிலர். நாம் ‘கொல்லன் தெருவில் ஊசி விற்றல்’ என்போம். ஒரு கல்லால் அவர் இரு பறவைகளை வீழ்த்துவர். நாம் இரு மாங்காய்களை வீழ்த்துவோம். ‘இரும்பு காய்ந்திருக்கையில் அடி’ என்று அவர் கொல்லனை நினைப்பர். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று நாம் உழவனை நினைப்போம். ‘பென்னி வைஸ், பவுண்ட் பூலிஷ்’ என்பது சிறுகாசிற் சிக்கனமும் பெருங்காசில் ஊதாரித்தனமும். 240 பென்னி ஒரு பவுணாயிருந்த பழைய கணக்கு 1971ஆம் ஆண்டு ஒழிந்தது, பழமொழி ஒழியவில்லை. கடுகு போன இடத்தை ஆராய்ந்து பூசணிக்காய் போன இடத்தை ஆராயாதவன் என்று நாம் சொல்வது அவனையே. மொழிபெயர்ப்போன் செய்யத்தக்கது இதுவே: சொல்லுக்குச் சொல் தேடாது, வழக்குக்கு வழக்குத் தேடல்.

ஆயினும் ஒத்த சொல் கண்ட மாத்திரத்தே ஒத்த கருத்தென்று துணிதல் கூடாது. உப்பை எடுத்துக்கொள்க. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் பழமொழி. ஒருவன் ‘வேர்த் ஹிஸ் சோல்ற்’ என்று ஆங்கில நற்சான்றிதழ் கூறின் அவன் நன்றி மறவாதவன் என்று கருதத் தோன்றும். அன்று. பெறும் சம்பளத்துக்கு ஏற்ற வேலை செய்ய வல்லவன் என்பதே அதன் பொருள். சம்பளத்தைக் குறிக்கும் அவர்தம் சொல்லே உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் வந்தது. நம் ‘சம்பள’த்திலும் நெல்லும் உப்பும் உண்டென்பர் சிலர். நம்முடைய உப்பு கொடுத்தவனை நோக்குகின்றது. அவருடைய உப்பு வேலையை நோக்குகின்றது. முதலாளியிடத்து விசுவாசமாயிருந்தாற் போதும், திறமை பின்னர் வரும் என்று எண்ணுவோன் இவ்வேறுபாட்டை ஊன்றி நோக்குக.

இதுகாறும் கூறியவை குழூஉக்குறி. மங்கல வழக்கோ இவற்றினும் அவதானத்துக்குரியது. ஏனெனில் அது தெரிந்தே மூடப்பட்டது. ‘வீ ஹாவ் ரு லெற் யூ கோ’ என்று மேலாளர் கூறினால், வீட்டுக்குப் போக விடை தருகின்றார் என்பதன்று, வேலையினின்று நீக்குகின்றார். ‘கோல்டன் ஹான்ட்ஷேக்’ என்றால் பொன்னான கைகுலுக்கல். பதவியை விட்டுப் போவோர்க்குக் கொடுக்கும் பெருந்தொகை அது. தமிழிற் கைகொடுத்தல் உதவி; இதுவோ பொன்னீரூற்றிக் கைகழுவுதல். ‘வீ ஷல் பெயார் இற் இன் மைன்ட்’ என்று விடை வந்தால் நினைவில் வைத்திருப்பர் என்று காத்திருத்தல் வேண்டா. நாம் ‘பார்ப்போம்’ என்று சொல்லும்போது என்ன கருதுகின்றோம் என்பதை நினைத்தால் அதன் பொருள் விளங்கும்.

நம் நாட்டு மக்கள் யாவரையும் தொட்ட சான்றொன்றும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. ‘வங்குறோத்து’ என்னும் சொல் அந்நாள்களில் எங்கும் ஒலித்தது. அது ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்ற சொல்; அதன் மூலம் ‘உடைந்த பலகை’ என்னும் பொருளுடைய இத்தாலியத் தொடர். தமிழகத்தார் ‘மஞ்சட் கடுதாசி’ என்பது இந்நிலையையே. பொருளியலார் அப்போது ‘ஹெயார்கட்’ என்றொரு சொல்லை வழங்கினர். கடன் கொடுத்தோர் தமக்கு வரவேண்டியதில் ஒரு பகுதியை இழக்க இசைதல் என்பது அதன் பொருள். முடிவெட்டுதல் என்று அதனை அப்படியே தமிழாக்கின் நம் காதில் ‘மொட்டையடித்தல்’ என்றே விழும்; அஃது ஏமாற்றுதல். இன்னும் சற்றுச் சென்றால் ‘நாமம் போடுதல்’ ஆகும். ஆங்கிலச் சொல் இழப்பைச் சிறிதாக்கிக் காட்டுகின்றது. தமிழ்ச் சொல் வஞ்சனையாக்கிப் பெரிதாக்குகின்றது. மெய்ந்நிலை இரண்டுமன்று. எத்தனை வீதம் குறைக்கப்படுகின்றது, முதலிலா வட்டியிலா, தவணை எத்தனை ஆண்டு நீள்கின்றது என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். 2023ஆம் ஆண்டு உண்ணாட்டுக் கடனைச் சீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதியிடமிருந்த திறைசேரி முறிகளும் மாற்றீட்டுக்கு உட்பட்டன. உழைத்தவன் தன் முதுமைக்கென வைத்த பணத்தைப் பற்றிய பேச்சு அவனுக்கே விளங்காத குழூஉக்குறியில் நடைபெறலாமா? அன்று அச்சொல்லை விளங்கியவன் வினா எழுப்பினான். விளங்காதவன் ஒன்றில் அஞ்சினான், அன்றேல் அசட்டையாயிருந்தான்.

இன்னொரு தொடர் ‘ஸ்லீப்பிங் பாட்னர்’. துயிலும் பங்காளி என்பது சொற்பொருள். நம் இலக்கணப்படி ‘துஞ்சிய பங்காளி’ என்றால் இறந்தவரென்றே கொள்ளப்படும்! வணிகத்தில் முதலிட்டு, நிருவாகத்திற் கலவாதிருப்பவர் அவர். கொம்பனியாகப் பதியப்படாத பங்குடைமையில், துயிலும் பங்காளியும் விழித்திருக்கும் பங்காளியைப் போலவே வணிகத்தின் கடன்களுக்குப் பொறுப்பாளியென்பது ஆங்கிலச் சட்ட மரபு. பெயரை நம்பித் துயின்றவனைக் கடன்காரர் வந்து எழுப்புவர். ஓய்வூதியப் பணத்தை உறவினர் கடையில் இட்டு, ‘நான் சும்மா பங்காளிதானே’ என்றிருப்போர் கைச்சாத்திடுமுன் இதனை அறிதல் வேண்டும்.

நம்மவர் ஆங்கிலத்தின் தனியியல்பொன்றையும் கூறுதல் தகும். ‘டூ த நீட்புல்’ என்று கடிதத்தை முடிப்பது நம் பகுதியிற் பெருவழக்கு. தமிழில் ‘ஆவன செய்க’ என்போம். இத்தொடர் இங்கிலாந்தில் வழக்கொழிந்து நம் நாடுகளில் வாழ்கின்றது. பிழையன்று, பழமை. பிறநாட்டார்க்கு எழுதுங்கால் செய்யவேண்டியது யாதென்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் நன்று. ‘ஆவன’ எவை என்பதை எழுதுவோன் அறிவான். வாசிப்போன் அறிவானென்பது உறுதியன்று.

மாணவர்களே, இத்தொடர்களைக் கற்கும் நெறியைச் சுருங்கக் கூறுவேன். சிறு ஏடொன்றை வைத்திருங்கள். தொடரொன்றைக் கண்டால் அதனைத் தனியே எழுதாது, கண்ட வாக்கியத்தோடு எழுதுங்கள். அது பிறந்த தொழிலை அருகே குறியுங்கள். நிகரான தமிழ் வழக்கு உண்டாயின் அதனையும், இன்றாயின் தெளிந்த தமிழிற் பொருளையும் எழுதுங்கள். வாசிக்கும்போது அறிந்துகொள்ளப் பலவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். எழுதும்போது சிலவற்றையே ஆளுங்கள். மரபுத் தொடர் கறிக்கு உப்புப் போன்றது. பாத்திரங் கொண்ட உப்பை எவரும் உண்ணார். பணமும் நாளும் பொறுப்பும் குறிக்கும் இடத்தில் உவமையே வேண்டா. எண்ணையும் திகதியையும் எழுதுக. விளங்காதவிடத்து ‘இதனால் நீங்கள் கருதுவது யாது?’ என்று பணிவோடு வினவுக. அவ்வினா ஒருவனது அறியாமையைக் காட்டாது. அவனது அவதானத்தையே காட்டும்.

நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்ட நாவலர் பெருமானே இளமையிற் பேர்சிவற் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் என்பதை நாம் நினைவுகூரல் வேண்டும். பிறமொழியை அணுகுவோன் தன் மொழியின் மரபை ஐயந்திரிபறக் கற்றவனாயிருத்தல் வேண்டும் என்பதற்கு அவரினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. தமிழை நெகிழவிட்டால்தான் ஆங்கிலம் வருமென்று எண்ணுவோர் இன்றும் உளர். குழூஉக்குறி இன்னது, மங்கலம் இன்னது என்று தமிழ் வகுப்பிற் கற்ற மாணவன், கொழும்பிலோ இலண்டனிலோ தன் மேசைக்கு வரும் கடிதத்தைப் பிறர் துணையின்றி வாசிப்பான். அதில் எழுதியிருப்பதையும் எழுதாது மறைத்திருப்பதையும் ஒருங்கே உணர்வான்.